தரையில் கிடக்கும் குஞ்சு: விழுந்ததா, இறங்கியதா?

ஏப்ரல் தொடங்கி ஜூலை வரை காகம், மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி எல்லாம் தமிழ்நாட்டில் குஞ்சு பொரித்து வளர்க்கும் காலம். இந்த மாதங்களில் வாசலிலோ மொட்டைமாடியிலோ வேப்பமரத்தடியிலோ ஒரு குஞ்சு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. வால் அரைகுறையாக இருக்கும். இறகு கலைந்தாற்போல் இருக்கும். பக்கத்தில் போனால் வாயைப் பிளக்கும், இல்லாவிட்டால் தத்தித் தத்தி ஓடும். ‘ஐயோ பாவம், கூட்டிலிருந்து விழுந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுகிறோம்.

பல குஞ்சுகளின் கதி அந்த நிமிடத்தில்தான் கெடுகிறது. அப்படி எடுக்கப்படும் குஞ்சுகளில் நிறைய விழுந்தவையே இல்லை. நேரம் வந்து தானாக இறங்கியவை. தாயும் தகப்பனும் மேலே எங்கேயோ மறைவில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாம் தூக்கிக்கொண்டு போகிறோம். அதனால் கை நீட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: இது விழுந்த குஞ்சா, இறங்கிய குஞ்சா? மீதி எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தது.

உடம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்

பொரித்த புதிதில் குஞ்சுக்குக் கண் திறந்திருக்காது. உடம்பு முழுக்க ரோஜா நிறத் தோல்தான், அங்கங்கே பஞ்சு போல நாலு தூவி இருக்கலாம். தலையைத் தூக்க முடியாது. இது தரையில் கிடந்தால் விழுந்தது என்பதில் சந்தேகமே இல்லை. உடனே கவனிக்க வேண்டும்.

அடுத்த நிலையில் கண் திறந்துவிடும். இறக்கையிலும் முதுகிலும் முள் முள்ளாகக் குத்திட்டு நிற்கும். ஒவ்வொரு இறகும் மெல்லிய குழாய் உறைக்குள் சுருண்டிருப்பதால் அப்படித் தெரிகிறது. வயிறும் இறக்கையின் அடிப்பக்கமும் இன்னும் வெறுந்தோல்தான். உட்கார்ந்தால் கால் முட்டியை ஊன்றி வயிறு தரையில் பட உட்காரும், நிமிர்ந்து நிற்காது. இதுவும் கூட்டில் இருக்க வேண்டிய குஞ்சுதான்.

மூன்றாவது நிலைதான் நம்மை ஏமாற்றுகிறது. உடம்பெல்லாம் இறகு மூடியிருக்கும். வால் மட்டும் கட்டை விரல் அகலத்துக்குக் குட்டையாக இருக்கும். அலகின் இரு ஓரத்திலும் மெத்தென்ற மடிப்பு இருக்கும். மைனாவிலும் சிட்டுக்குருவியிலும் அது பளிச்சென்ற மஞ்சள். காகக் குஞ்சு வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பாகத் தெரியும். தலையில் இறகுக்கு மேலே நாலைந்து தூவி நீட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. இது நிமிர்ந்து நிற்கும், தத்தும், இறக்கையை அடித்து ஒரு முழம் எழும்பி விழும். இதுதான் இறங்கிய குஞ்சு.

இரண்டாவது நிலைக்கும் மூன்றாவது நிலைக்கும் நடுவில் குழப்பம் வந்தால் விரல் சோதனை போதும். சுட்டுவிரலை அதன் காலுக்கு முன்னால் குறுக்கே வையுங்கள். விரல்களை மடக்கி இறுகப் பிடித்து, ஆடாமல் உட்கார்ந்தால் கூட்டை விட்டு வரும் வயது வந்துவிட்டது. கால் நழுவிச் சரிந்தால் வயது போதாது.

பறக்கவே தெரியாத குஞ்சு எதற்காகக் கூட்டை விட்டு வருகிறது? கூடு என்பது வீடு இல்லை, தொட்டில். குஞ்சுகள் பெரிதாகப் பெரிதாக அந்தத் தொட்டில் ஆபத்தாகிவிடும். நாலு குஞ்சு ஒரே இடத்தில் கத்துகின்றன. எச்ச வாடை அடிக்கிறது. பெற்றோர் ஒரு மணி நேரத்தில் பலமுறை வந்து போவதை வல்லூறும் பூனையும் பாம்பும் கவனிக்கின்றன. ஒரு தடவை கண்ணில் பட்டால் நாலும் போய்விடும். சிதறி ஆளுக்கொரு செடியில் ஒளிந்துகொண்டால் ஒன்று போனாலும் மூன்று தப்பும். அதனால்தான் குஞ்சுக்குக் கால் முதலில் உறுதிப்படுகிறது, பறக்கும் பலம் இறக்கைக்குப் பிறகுதான் வருகிறது. கொண்டைக்குருவிக் குஞ்சு சுமார் 12 நாளிலும், சிட்டுக்குருவி 2 வாரத்திலும், மைனா மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், காகம் 3 முதல் 4 வாரத்திலும் கூட்டை விட்டுவிடும். கொண்டைக்குருவி வெளியே வரும்போது பறப்பதில் கற்றுக்குட்டி. அடுத்த சில நாட்கள் அதற்குச் செடி மறைவும் பெற்றோரின் இரையும்தான் எல்லாம்.

இறங்கிய குஞ்சுக்குச் செய்ய வேண்டியது

பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் அந்த ‘ஒன்றும் செய்யாமல் இருப்பது’ ஒழுங்காக நடக்க வேண்டும்.

முதலில் விலகிப் போங்கள். குறைந்தது 15, 20 மீட்டர். வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பது அதைவிட நல்லது. குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு மரத்தடியில் நின்று, ‘ஒரு மணி நேரமாகத் தாய் வரவே இல்லை’ என்று முடிவு கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. நாம் நிற்கும்வரை தாய் வராது. பின்னால் மின்கம்பியில் உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருக்கும் அந்தப் பறவைதான் தாய்.

இரண்டு மணி நேரம் தொடர்ந்து பாருங்கள். பெரிய பறவை சட்டென்று இறங்கி, வாயில் எதையோ திணித்துவிட்டுப் போக ஐந்து நொடிகூட ஆகாது. நடுவில் போனைப் பார்த்தால் அந்த ஐந்து நொடி தப்பிவிடும். குஞ்சு திடீரென்று இறக்கையைப் படபடவென்று நடுக்கி, வாயைப் பிளந்து கத்தினால் இரையோடு யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். ஒரு தடவை ஊட்டுவதைப் பார்த்துவிட்டால் போதும், உங்கள் கவலை தீர்ந்தது.

குஞ்சு உட்கார்ந்திருக்கும் இடம் ஆபத்தானதாக இருந்தால் மட்டும் நகர்த்துங்கள். நடுரோடு, வண்டிகளின் அடி, நாய் படுக்கும் இடம், உச்சி வெயிலில் கொதிக்கும் சிமென்ட் தரை இவையெல்லாம் ஆபத்து. அதே பக்கத்தில், பத்து இருபது மீட்டருக்குள் இருக்கும் செம்பருத்தி, மருதாணி போன்ற அடர்ந்த செடியில் இடுப்பு உயரக் கிளையில் உட்கார வைத்தால் போதும். அதைவிடத் தூரம் கொண்டு போகக் கூடாது. குஞ்சின் குரலை வைத்துத்தான் பெற்றோர் தேடிவரும், குரல் கேட்கும் எல்லையைத் தாண்டினால் தொடர்பு அறுந்துவிடும். பக்கத்துத் தெருப் பூங்கா எவ்வளவு பசுமையாக இருந்தாலும் அந்தக் குஞ்சுக்கு அது அந்நிய ஊர்.

இறகு முளைத்த குஞ்சைத் திரும்பக் கூட்டில் வைப்பதும் வேண்டாத வேலை. மறுபடி குதித்துவிடும். நம் கை வந்த பதற்றத்தில் உள்ளே இருக்கும் இளைய குஞ்சுகளும் நேரத்துக்கு முன்னால் குதித்துவிடலாம்.

நாயைக் கட்டிப் போடுங்கள். வீட்டுப் பூனையை ஒரு வாரமாவது உள்ளே வையுங்கள். உண்மையில் இந்த ஒரு காரியம், குஞ்சுக்கு நாம் ஊட்டும் எந்த இரையையும்விடப் பெரிய உதவி. தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டியோ திறந்த வாளியோ இருந்தால் மூடுங்கள், முடியாவிட்டால் சாய்வாக ஒரு குச்சி போட்டு வையுங்கள். தத்திப் பழகும் குஞ்சு உள்ளே விழுந்தால் ஏறி வரப் பிடிமானம் வேண்டும்.

காகக் குஞ்சு இறங்கியிருக்கும் தெருவில் போவோர் வருவோர் தலையில் கொத்து விழும். நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். குஞ்சை அகற்றினால் தொல்லை தீரும் என்று யாராவது சொல்வார்கள். அகற்றினால் காகங்கள் இன்னும் வெறிகொண்டு தேடும். குடை பிடித்துக்கொண்டு போவதும், அந்தப் பக்கம் ஒரு சீட்டு எழுதி ஒட்டுவதும் போதும்.

‘மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது’

ஊரெல்லாம் சொல்லப்படும் இது உண்மை இல்லை. நம் வீட்டைச் சுற்றி வாழும் பறவைகள் குஞ்சை அடையாளம் காண்பது கண்ணாலும் காதாலும், இருக்கும் இடத்தை வைத்தும்தான். நம் கை பட்டதற்காகக் குஞ்சை ஒதுக்குவதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது இந்த விஷயத்தில் அப்படியே சரி. பல நாள் ஊட்டி வளர்த்ததை ஒரு தொடுதலுக்காக அவை கைவிடாது. பெற்றோர் வராமல் போவதற்குக் காரணம், நாம் அங்கேயே நிற்பது.

இந்த நம்பிக்கையால் நேரும் கேடு பெரிது. ‘தொட்டுவிட்டேன், இனி நான்தான் வளர்க்க வேண்டும்’ என்று நினைத்து, ஐந்து நிமிடத்தில் கூட்டில் திருப்பி வைத்திருக்கக்கூடிய குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்துச் சோறு ஊட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

விழுந்த குஞ்சைத் திருப்பி வைப்பது

இறகில்லாத, அல்லது முள் முளைத்த குஞ்சு கீழே கிடந்தால் முதலில் தொட்டுப் பாருங்கள். உங்கள் விரலைவிடக் குளிர்ந்திருந்தால் அதைச் சூடாக்கிய பிறகே மற்ற எதுவும். இரண்டு கையையும் குவித்து உள்ளே வைத்துக்கொண்டால் கால் மணி, அரை மணியில் உடம்பு சூடேறி அசையத் தொடங்கும். குளிர்ந்த குஞ்சைக் கூட்டில் வைத்தால் அது வாயைத் திறக்காது, திறக்காத வாய்க்குத் தாய் ஊட்டாது.

பிடிக்கும்போது நெஞ்சை இறுக்கக் கூடாது. நமக்கு மூச்சை இயக்கும் உதரவிதானம் என்ற தசை இருப்பது போலப் பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு உள்ளே போய் வெளியே வரும். பதற்றத்தில் நெஞ்சைச் சுற்றி இறுகப் பிடித்தால் கையிலேயே மூச்சு நின்றுவிடும். உள்ளங்கையில் வைத்து, மேலே மற்றக் கையைக் கூரை மாதிரி கவிழ்த்துக் கொண்டாலே போதும்.

கூடு கை எட்டும் உயரத்தில் இருந்தால் உள்ளே பாருங்கள். மற்றக் குஞ்சுகள் சூடாக, உயிரோடு இருந்தால் இதையும் சேர்த்து வைத்துவிட்டு விலகுங்கள். எல்லாம் குளிர்ந்தோ இறந்தோ கிடந்தால் பெற்றோருக்கு ஏதோ ஆகிவிட்டது, உள்ளே உயிரோடு இருப்பதையும் எடுத்துக்கொண்டு மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். தென்னை உச்சி, மின்கம்பம் போன்ற இடங்களில் கூடு இருந்தால் ஏற முயலாதீர்கள். மாற்றுக் கூடு வேலை செய்யும்.

மாற்றுக் கூட்டுக்கு நம் ஊரில் பொருத்தமான பொருள் பனையோலைக் கொட்டான். சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி அளவுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் வாய் அகலமும் 6, 7 சென்டிமீட்டர் ஆழமும் போதும். காகத்துக்கு 25, 30 சென்டிமீட்டர் அகலமுள்ள மூங்கில் கூடை வேண்டும். பிளாஸ்டிக் டப்பாதான் இருக்கிறது என்றால் அடியில் ஏழெட்டுத் துளை போடுங்கள். மழைநீர் தேங்கினால் குஞ்சு குளிரில் போய்விடும். உள்ளே காய்ந்த புல்லும் தேங்காய் நாரும் கிண்ணம் போல அழுத்தி வையுங்கள். பஞ்சு கூடாது, அதன் இழை கால்விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பச்சைப் புல்லும் கூடாது, ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அடிப்பக்கம் வழுவழுப்பாக இருந்தால் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து அப்படியே கோணிப் போகும். அதனால் சொரசொரப்பு முக்கியம்.

இதைப் பழைய கூட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேல், கிளையோடு சேர்த்து இரண்டு இடத்தில் சணலால் கட்டுங்கள். ஒரே இடத்தில் கட்டினால் காற்றில் சாயும். காலை வெயிலைப் பார்த்து நிழல் என்று கட்டிவிட்டு, மாலையில் மேற்கு வெயில் நேராக அடிக்கும் இடமாகிப் போவது அடிக்கடி நடக்கிறது. பகல் முழுக்க நிழல் எங்கே விழும் என்று யோசித்துக் கட்டுங்கள். சுற்றி எறும்புப் புற்றோ எறும்புச் சாரையோ இருக்கிறதா என்றும் பாருங்கள், நம் ஊரில் இறகில்லாத குஞ்சுக்குப் பூனைக்கு இணையான எதிரி எறும்பு. பிறகு விலகி நின்று ஒரு மணி நேரம் கவனியுங்கள். குஞ்சு கத்தினால்தான் பெற்றோர் புது இடத்தைக் கண்டுபிடிக்கும், ஆகவே குஞ்சு நல்ல சூட்டோடும் தெம்போடும் இருக்கும்போதே வைத்துவிட வேண்டும்.

செடி வெட்டும்போது தையல்சிட்டின் இலைக்கூடு கிளையோடு கையில் வந்துவிட்டால், கூட்டைப் பிரிக்காமல் அந்தக் கிளையை அப்படியே பக்கத்துக் கிளையில் நிமிர்த்திக் கட்டுங்கள். இலை வாடினாலும் சில நாள் தாங்கும். வராந்தாக் கம்பியில் தொங்கும் தேன்சிட்டுக் கூடு அறுந்தாலும் இதே வழிதான்: மெல்லிய கம்பியால் அதே இடத்தில், அதே உயரத்தில், வாசல் பழைய திசையைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள்.

எல்லாக் குஞ்சுக்கும் ஒரே விதி இல்லை

தகைவிலானைப் போலவே தோன்றும் உழவாரன் குஞ்சு தரையில் கிடந்தால் இறகு முழுக்க முளைத்திருந்தாலும் அதற்கு உதவி வேண்டும். பாலத்தடியிலும் கோயில் மண்டபங்களிலும் பனையோலையிலும் கூடு வைக்கும் இந்த இனத்துக்கு ‘தரையில் தத்திப் பழகும்’ பருவமே கிடையாது. கூட்டிலிருந்து நேராக வானத்துக்குப் போகும். கால் மிகச் சிறியது, நிற்கவோ தத்தவோ அதனால் முடியாது. ஆனால் மேலே தூக்கி எறிந்து பறக்க வைக்கப் பார்க்காதீர்கள், விழுந்து எலும்பு முறியும்.

புறாக் குஞ்சு வேறு கதை. மஞ்சள் தூவியும் பெரிய அலகுமாக, வேறு எந்தக் குஞ்சைப் போலவும் இருக்காது. சில நாள் வளர்ந்த பிறகு பெற்றோர் ஒரு நாளைக்குச் சில தடவைதான் வந்து ஊட்டும், அதனால் இரண்டு மணி நேரம் யாரும் வரவில்லை என்பதை வைத்து அதை அநாதை என்று முடிவு செய்யக் கூடாது. ஏசி பெட்டிக்குப் பின்னால் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். இது மற்றக் குஞ்சு போல வாயைப் பிளக்கவும் பிளக்காது. தன் அலகைத் தாயின் வாய்க்குள் விட்டு, முதல் நாட்களில் தீனிப்பையில் சுரக்கும் பாலைக் குடிக்கும். வீட்டில் ஊட்டி வளர்ப்பது தெரியாதவர்களால் முடியவே முடியாது.

புள்ளி ஆந்தையின் குஞ்சு பொந்தை விட்டு வந்து கிளையிலும் அடிமரத்திலும் சில நாள் திரியும். நகத்தாலும் அலகாலும் பட்டையைப் பற்றி மரம் ஏறவும் செய்யும். மரத்தடியில் கண்டால் அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏற்றி விட்டால் போதும். பழைய கட்டடங்களில் சீறிக்கொண்டு இருக்கும் வெண்ணிறத் தூவிக் குஞ்சு கூகையுடையது. அது பறக்க இரண்டு மாதம் ஆகும். அபசகுனம் என்று விரட்டாமல் விட்டுவைத்தால் சுற்றுவட்டார எலிகளை அந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளும்.

கோழிக்குஞ்சு போலப் பிறந்த அன்றே நடக்கும் இனங்களும் உண்டு: ஆள்காட்டி, கௌதாரி, மயில், கானாங்கோழி. இவற்றின் குஞ்சு தூவியோடு, கண் திறந்தபடி பிறக்கும். கூடு தேட வேண்டியதில்லை. ஆள்காட்டிக் குஞ்சு தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொள்ளும், அடிபட்டுக் கிடக்கிறது என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். குளக்கரையோரம் கன்னங்கரேலென்று பஞ்சுருண்டையாக ஓடுவதைக் காக்கைக் குஞ்சு என்பார்கள். அது கானாங்கோழிக் குஞ்சு. காகக் குஞ்சு இறகில்லாமல் பிறக்கும், ஒருநாளும் பஞ்சுருண்டையாக இருப்பதில்லை.

இன்னொன்று. ஊட்டும் பறவையும் குஞ்சும் ஒரே இனமாக இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சுடலைக்குயில் குஞ்சுக்கு ஊட்டும். ‘வேறு பறவையிடம் மாட்டிக்கொண்டது’ என்று பிரித்துவிட்டால் அதை வளர்க்க ஆளே இல்லை.

மருத்துவர் கட்டாயம் தேவைப்படும் நேரம்

பூனை கவ்விய குஞ்சுக்கு வெளியே காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பூனையின் எச்சிலில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி ஊசிமுனை அளவு பல் தடத்தின் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். ஆன்டிபயாட்டிக் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் குஞ்சு செத்துவிடும். ‘நேற்று நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் இறந்து கிடக்கிறது’ என்பதில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

ஒரு இறக்கை மட்டும் தொங்குவது, ரத்தம், கால் ஊன்றாமை, தலை ஒருபக்கம் சாய்ந்தே இருப்பது, தோலுக்கடியில் பலூன் போலக் காற்று உப்புவது ஆகியவையும் மருத்துவருக்கானவை. கடைசியில் சொன்னது, உடம்புக்குள் மூச்சுக்காற்று நிறையும் காற்றுப்பை கிழிந்ததன் அடையாளம். கண், காது, ஆசனவாய் ஓரங்களில் ரவை ஒட்டினாற்போல வெள்ளைத் துகள்கள் இருந்தால் அவை ஈயின் முட்டைகள். ஒரே நாளில் புழுவாகிக் குஞ்சை உள்ளே தின்னத் தொடங்கும், உடனே போக வேண்டும். எறும்பு மொய்த்திருந்தால் ஈரப்படுத்தாமல் மெல்லிய பெயின்ட் பிரஷால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுங்கள். சிறகின் மடிப்பிலும் வாய்க்குள்ளும் பார்க்க மறக்காதீர்கள்.

கொண்டு போகும்வரை செருப்புப் பெட்டி போன்ற ஒரு அட்டைப்பெட்டி போதும். பக்கவாட்டில் பென்சில் பருமனில் பத்துத் துளை போடுங்கள். அடியில் டிஷ்யூ பேப்பரோ நூல் பிரியாத பருத்தித் துணியோ விரித்து, துணியை வளையமாகச் சுருட்டி நடுவில் குஞ்சை உட்கார வையுங்கள். இறகில்லாத குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கை தாங்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, இரண்டு மடிப்புத் துணி சுற்றி, பெட்டியின் ஒரே ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் குஞ்சுக்கு விலகிப் போக இடம் வேண்டும். பாட்டில் ஆறிவிட்டால் அதுவே குளிரூட்டும் என்பதால் மணிக்கொரு தடவை மாற்றுங்கள். இறகு மூடிய குஞ்சுக்கு இது எதுவும் வேண்டாம், அதுவும் மே மாத வெயிலில் வேண்டவே வேண்டாம். வாயைத் திறந்தபடி கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினால் அது பசியில்லை, வெக்கை. நிழலும் காற்றோட்டமும் கொடுங்கள். மூடியைச் சாத்தி இருட்டாக வைத்தால் பதற்றம் அடங்கும்.

பெட்டியின் மேல் குஞ்சு கிடைத்த இடம், தெரு, மரம், நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். குணமான குஞ்சை அதே இடத்தில் விட்டால் பெற்றோர் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

வாயில் ஊற்றும் தண்ணீர்தான் முதல் எமன்

குஞ்சின் வாயை அருகில் பார்த்தால் நாக்கு தொடங்கும் இடத்தில், நடுவில், ஒரு சிறு பிளவு திறந்து திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். நமக்கு இருப்பது போல அதற்கு மூடி கிடையாது. ஸ்பூனாலோ டிராப்பராலோ விடும் தண்ணீர் நேராக அதற்குள் இறங்கும். உடனே இருமிச் சாவதும் உண்டு, இரண்டு நாள் கழித்து நுரையீரல் சளியில் சாவதும் உண்டு. பொதுவாகக் கூட்டில் தாய் குஞ்சுக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றுவதில்லை. புழு பூச்சியில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும்.

பால் வேண்டாம், பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைக்கு இல்லை. பால்சோறும் பிரெட்டும் வயிற்றை நிரப்பும், வளர்க்காது. இரண்டு மூன்று வாரத்தில் முழு உடம்பையும் கட்ட வேண்டிய குஞ்சுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அவை இல்லாமல் சோற்றிலேயே வளர்ந்த மைனாவின் கால் வில்லாக வளைவதும், இறகில் வெள்ளைக் கோடுகள் விழுந்து முறிவதும் சாதாரணமாகக் காணக் கிடைப்பவை. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் ஊட்டுகிறது.

மருத்துவ உதவி கிடைக்க அரை நாளுக்கு மேல் ஆகும், குஞ்சு சூடாக இருக்கிறது, தானாக வாயைப் பிளக்கிறது என்றால் மட்டும் ஊட்டலாம். காகம், மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவிக்கு அவித்த முட்டையை மசித்துக் கொடுங்கள். ஊறவைத்துத் தண்ணீர் ஒட்டப் பிழிந்த பூனைத் தீனியும் ஆகும். சிறு குஞ்சுக்கு மிளகளவு, மைனாவுக்குப் பட்டாணி அளவு. நுனி மழுங்கிய குச்சியில் எடுத்து, அந்தப் பிளவைத் தாண்டி, நாக்குக்குப் பின்னால் வையுங்கள். விழுங்கியதும் அடுத்தது. வாயை மூடிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள், அலகைப் பிரித்துத் திணிக்காதீர்கள். பகலில் அரை மணிக்கு ஒரு தடவை, இரவில் இல்லை. ஊட்டிய சிறிது நேரத்தில் பின்பக்கத்தைத் தூக்கி, வெள்ளைச் சவ்வுப் பைக்குள் கட்டிய எச்சத்தைப் போடும். தாய் அதை அலகில் கவ்விக் கூட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவதற்காகவே அந்தப் பை. அது முழுதாக வந்தால் செரிமானம் சரியாக நடக்கிறது. பை இல்லாமல் தண்ணீராகப் போனால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு விரைந்து உதவி தேட வேண்டும்.

யாரிடம் ஒப்படைப்பது

வனச்சரக அலுவலகம், அரசு கால்நடை மருத்துவமனை, ஊரில் இருக்கும் விலங்கு மீட்பு அமைப்பு ஆகிய மூன்றில் ஒன்று. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு, புளூ கிராஸ் என்ற விலங்கு மீட்பு அமைப்பும் உண்டு. எங்கே போனாலும் முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா இடத்திலும் பறவை பார்ப்பவர் இருப்பதில்லை.

‘கிளிக்குஞ்சு கிடைத்தது, வளர்த்துக்கொள்கிறோம்’ என்பது நல்ல மனதோடு சொல்லப்பட்டாலும் குற்றம். நம் நாட்டுக் கிளியையும் மைனாவையும் கூண்டில் வைப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. காட்டுயிர் ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், கையில் வளர்ந்த குஞ்சுக்குத் தன் இனத்தின் குரல் பிடிபடாது, மனிதனையும் பூனையையும் கண்டால் பயமும் வராது. வெளியே விட்ட முதல் வாரத்திலேயே அது முடிந்துபோவது இதனால்தான்.

ஒரே இடத்தில் பல காகங்களோ வேறு பறவைகளோ இறந்து கிடந்தால் எதையும் தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். ஒற்றைக் குஞ்சைத் தொட்டாலும் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குக் குஞ்சைப் பார்க்கிறீர்கள், இருட்டப் போகிறது என்றால் என்ன செய்வது? இறகு முளைத்ததாக இருந்து, பெற்றோரின் குரல் பக்கத்தில் கேட்டால் செடியின் உள்கிளையில் ஏற்றிவிடுங்கள், ஆந்தை, கூகை போன்றவை தவிர இரவில் எந்தத் தாயும் ஊட்டாது, விடியும்வரை தாங்கும். பெற்றோர் குரலே இல்லை, தெரு நாய்கள் திரிகின்றன என்றால் ராத்திரி மட்டும் பெட்டியில், வீட்டின் அமைதியான மூலையில், ஃபேன் காற்று படாமல் வையுங்கள். இரை வேண்டாம். காலையில் காகம் கரையத் தொடங்கும் நேரத்துக்கு, வெயில் ஏறும் முன், எடுத்த அதே இடத்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்து, கிளையில் உட்கார வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். ராத்திரி முழுக்கப் பசியோடு இருந்த குஞ்சு அப்போது உரக்கக் கத்தும், பெற்றோரும் முதல் இரை தேடக் கிளம்பும் நேரம் அது.